எந்த ரோஜா? ஓவியத்துக்கு ஒரு மலரைத் தேர்ந்தெடுப்பது

ரோசா என்ற பேரினத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட காட்டு இனங்கள் உண்டு. அவற்றைக் கலந்து மனிதர்கள் உருவாக்கிய தோட்ட வகைகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. காட்டு இனங்கள் எல்லாம் பூமியின் வடபாதியைச் சேர்ந்தவை. சைபீரியாவின் குளிரிலும் காட்டு ரோஜா வளர்கிறது, எத்தியோப்பியாவின் மலைகளிலும் வளர்கிறது. தமிழ்நாட்டில் நீலகிரி, பழனி மலைப் பகுதிகளில் வெள்ளைப் பூக்களோடு படரும் ரோசா லெஷனால்டியானா இந்த மண்ணுக்கே உரிய இனம்.

இத்தனை வகை இருந்தும், ஓவியம் பழகத் தொடங்குபவரிடம் ரோஜா வரையச் சொன்னால் பெரும்பாலும் ஒரே உருவம்தான் தாளில் வரும்: நடுவில் ஒரு சுருள், அதைச் சுற்றிச் சில வளைகோடுகள், கீழே இரண்டு இலைகள். வாழ்த்து அட்டைகளையும் சேலைக் கரைகளையும் பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழகிப்போன உருவம் அது. செடியில் அப்படி ஒரு பூ இல்லை. ஆகவே ரோஜா ஓவியத்தில் தூரிகையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்த வகை, மலர்ச்சியின் எந்தக் கட்டம், எந்த வெளிச்சம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ரோஜாவை நன்றாக வரைந்த ஒவ்வொரு மரபும், ஒவ்வொரு ஓவியரும் இந்த முடிவை எடுத்துவிட்டுத்தான் வரைந்திருக்கிறார்கள்.

செடியைப் படித்தல்

காட்டு ரோஜாவுக்கு ஐந்து இதழ்கள். ஒவ்வொன்றும் மேல் விளிம்பின் நடுவில் சற்றே உள்வாங்கி இருக்கும். நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் கூட்டமாக நிற்கும். தோட்ட ரோஜாவின் அடுக்கிதழ்கள் பெரும்பாலும் இந்த மகரந்தத் தாள்கள் இதழாக மாறியதால் வந்தவை. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு முக்கியமான விஷயம் புரிந்துவிடும். அடுக்கு ரோஜாவின் வெளி இதழ்கள் அகலமாகவும் ஒழுங்காகவும் இருக்கும். உள்ளே போகப் போக இதழ்கள் குறுகி, மடிந்து, சில இடங்களில் பாதி இதழும் பாதி மகரந்தத் தாளுமாக நிற்கும். எல்லா இதழையும் ஒரே அளவில், ஒரே வளைவில் வரைந்தால் பூ காகிதப் பூவாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பூவைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும் பழக்கம் ஓவியருக்கு அவசியம். அங்கே ஐந்து பச்சைப் புல்லி இதழ்கள் இருக்கும். ஐரோப்பாவின் வேலியோரங்களில் வளரும் ரோசா கனினா என்ற காட்டு ரோஜாவில் அந்த ஐந்தும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரண்டில் இருபுற விளிம்பிலும் மெல்லிய கிளைநாக்குகள் நீண்டிருக்கும், இரண்டில் விளிம்பு வெறுமையாக இருக்கும், மீதமுள்ள ஒன்றில் ஒருபுறம் மட்டும் நாக்குகள் இருக்கும். மொட்டில் அவை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி மூடியிருக்கும் முறையால் வரும் வேறுபாடு இது. வெளியே தெரியும் விளிம்புக்கு நாக்கு உண்டு, உள்ளே மறைந்த விளிம்புக்கு இல்லை. தோட்ட வகைகள் பலவற்றிலும் இதன் சாயலைக் காணலாம். மொட்டு இறுகியிருக்கும்போது புல்லி இதழ்கள் மேல்நோக்கித் தழுவியிருக்கும். பூ விரிய விரிய அவை விலகி, பல வகைகளில் காம்பை நோக்கி மடங்கிவிடும். முழுதாக மலர்ந்த பூவுக்குக் கீழே இறுக மூடிய புல்லி இதழ்களை வரைந்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ பொய்யாகத் தோன்றும்.

முள்ளையும் அப்படியே பார்க்க வேண்டும். எலுமிச்சையின் முள் தண்டின் உட்கட்டையிலிருந்து புறப்படுகிறது. ரோஜாவின் முள் மேல்தோலின் வளர்ச்சி மட்டுமே. பக்கவாட்டில் அழுத்தினால் சுத்தமாக உடைந்து, தண்டில் ஒரு நீள்வட்டத் தழும்பை விட்டுவிடும். எனவே ஓவியத்தில் முள்ளின் அடி அகன்று, தண்டின்மேல் உட்கார்ந்ததுபோல் இருக்க வேண்டும். நுனி பெரும்பாலும் கீழ்நோக்கி வளைந்திருக்கும், ஏனென்றால் படரும் ரோஜா அந்தக் கொக்கிகளால்தான் மற்றச் செடிகளைப் பற்றி ஏறுகிறது. இளந்தண்டில் முள் சிவந்து ஒளி ஊடுருவும். முதிர்ந்த தண்டில் சாம்பல் பூத்துக் காய்ந்திருக்கும்.

இலை கூட்டிலை: ஒரே காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், விளிம்பெல்லாம் ரம்பப் பல். பூவுக்கு நெருக்கமான இடத்தில் மூன்று சிற்றிலைகளோடு முடிவதும் உண்டு. கூட்டிலை தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு சிறு சிறகுகள் ஒட்டியிருக்கும். தாவர ஓவியர்கள் இதைத் தவறவிடுவதே இல்லை, மற்றவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். இலையின் மேற்புறம் வானத்தின் நீலத்தை வாங்கிப் பளபளக்கும், அடிப்புறம் மங்கி வெளுத்திருக்கும். புதுத் தளிர் பச்சையே இல்லாமல் செம்பழுப்பாக வரும். அந்தத் தளிர் நிறத்தை ஓவியத்தில் இரண்டு இடங்களில் வைத்தாலே பூவின் சிவப்புக்கும் இலையின் பச்சைக்கும் ஓர் உறவு ஏற்பட்டுவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பும் இளஞ்சிவப்பும் ஆந்தோசயனின் என்ற நிறமிகளால் வருபவை, மஞ்சள் கரோட்டினாய்டுகளால் வருவது. பல மலர்களுக்கு நீலம் தரும் டெல்பினிடின் ரோஜாவில் இயல்பாக உண்டாவதில்லை. மரபணு மாற்றத்தின் மூலம் அதை உண்டாக்கி ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பூவும் இளம் ஊதாவாகத்தான் இருந்தது. நீல ரோஜா வரைபவர் கற்பனையை வரைகிறார். அதில் தவறில்லை, ஆனால் தெரிந்தே செய்ய வேண்டும்.

காலத்துக்கு ஏற்ற பூ

பழைய கதை ஒன்றையோ வரலாற்றுக் காட்சியையோ வரைபவர் ரோஜாவின் காலத்தையும் கவனிக்க வேண்டும். இன்று பூக்கடையில் நீண்ட காம்பும் கூர்ந்த மொட்டுமாக நிற்கும் ரோஜா, ஹைப்ரிட் டீ என்ற வகை. அதன் முதல் பூவாகக் கருதப்படும் ‘லா பிரான்ஸ்’ 1867-ல்தான் பிரான்சில் உருவானது. அதற்கு முன் ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த பூக்கள் தட்டையாகவோ குடமாகவோ விரிந்து, நடுவில் கலைந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை, கோடையின் தொடக்கத்தில் மட்டும் பூத்தன. சீன ரோஜாக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்த பிறகே திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் அங்கே பரவியது. பாரசீக மஞ்சள் ரோஜாவின் நிறத்தைத் தோட்ட ரோஜாவுக்குள் கொண்டுவந்த ‘சோலெய் தோர்’ 1900-ல் வெளிவந்தது. இன்றைய ஆரஞ்சு, தாமிர நிறங்களுக்கு வழி திறந்தது அதுதான். இடைக்கால அரசியின் கையில் ஆரஞ்சு நிறக் கூர்மொட்டு ரோஜாவைக் கொடுத்தால் பூவே காட்சியைப் பொய்யாக்கிவிடும்.

மரபுகள் தேர்ந்துகொண்டவை

கிரீட் தீவின் நோசஸ் நகரில் கிடைத்த நீலப் பறவைச் சுவரோவியம் ரோஜாவின் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று. சுமார் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை கொண்ட அந்தச் சுவர் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டில் அதை நிறைவு செய்த கைகள் பூக்களுக்கு ஆறு இதழ்கள் வைத்தன. பழைய துண்டில் இருந்த பூவுக்கு ஐந்து. பண்டைய ஓவியர் செடியைப் பார்த்திருந்தார். பொம்பெய் நகரின் தங்கக் காப்பு வீட்டுத் தோட்டச் சுவரில் ஒரு ரோஜாச் செடி நாணல் குச்சியில் கட்டப்பட்டு நிற்கிறது, பக்கத்தில் ஒரு பறவை. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலுக்குள் போன சுவர் அது. செடியைத் தாங்கும் குச்சியையும் விடாமல் வரைந்ததால்தான் அது அலங்காரமாக நின்றுவிடாமல் ஒரு தோட்டமாக இருக்கிறது.

கிறிஸ்தவ ஐரோப்பா ரோஜாவை அன்னை மரியாளுக்கு உரியதாக்கியது. ஸ்டெஃபான் லோக்னர் 1440-களில் வரைந்த ரோஜாப் பந்தல் மரியாளும், மார்ட்டின் ஷோன்கவர் 1473-ல் கோல்மார் நகரில் வரைந்த ரோஜா வேலி மரியாளும் இந்த வகையின் உச்சங்கள். ஷோன்கவரின் படத்தில் ரோஜாக்களோடு பியோனி மலர்களும் இருக்கின்றன. பியோனியை ‘முள்ளில்லா ரோஜா’ என்று கருதிய காலம் அது. மரியாளின் தூய்மையைச் சொல்ல அந்த ஒரு பூ போதுமானதாக இருந்தது. இங்கே ஓவியர் எடுத்துக்கொண்டது முள். முள் இருக்கிறதா இல்லையா என்பதே பொருளாகிறது.

இங்கிலாந்து அரசியலிலிருந்து ஒரு ரோஜாவைப் பெற்றது. 1485-ல் ஏழாம் ஹென்றி அரியணை ஏறியபின் லங்காஸ்டர் குடும்பத்தின் சிவப்பு ரோஜாவையும் யார்க் குடும்பத்தின் வெள்ளை ரோஜாவையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து டியூடர் ரோஜாவை உருவாக்கினார்கள். வெளியே ஐந்து சிவப்பிதழ், உள்ளே ஐந்து வெள்ளையிதழ், இடுக்குகளில் பச்சைப் புல்லி நுனிகள். செடியின் ஐந்து என்ற கணக்கை விடாமல் சின்னமாக்கியதால் கல்லிலும் மரத்திலும் துணியிலும் அது தெளிவாக நிற்கிறது. அதே நாட்டில் நிக்கலஸ் ஹில்லியர்ட் 1585-க்கும் 1595-க்கும் இடையில் வரைந்த ‘ரோஜாக்களுக்கிடையே ஓர் இளைஞன்’ உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும் நுண்ணோவியம். கறுப்பு மேலாடையோடு மரத்தில் சாய்ந்து நிற்கும் இளைஞனின் உடல்மேலேயே முள்நிறைந்த கொடிகளும் சின்னஞ்சிறு வெள்ளைக் காட்டு ரோஜாக்களும் படர்கின்றன. கறுப்பின்மேல் வெள்ளை வைக்கக் கிடைத்த வாய்ப்பை ஹில்லியர்ட் முழுதாகப் பயன்படுத்தியிருக்கிறார். சிறிய தாளில் வேலை செய்பவர் மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய படம் இது.

பாரசீகத்தில் ரோஜா தனியாக வருவது அரிது, புல்புல் பறவையோடுதான் வரும். ‘குல் ஓ புல்புல்’ என்ற பெயர் ஓர் ஓவிய வகைக்கே ஆகிவந்தது. பூ காதலிக்கப்படுவது, பறவை காதலிப்பது. 17-ஆம் நூற்றாண்டில் ஷஃபி அப்பாஸி இந்தப் பொருளில் நுண்மையான தனிப்படங்கள் வரைந்தார். பிறகு அரக்கு பூசிய பேனாப் பெட்டிகளிலும் நூல் அட்டைகளிலும் அது செழித்தது. இந்தப் படங்களில் பூவின் கனம் காம்பை வளைக்கும், மொட்டிலிருந்து உதிரப்போகும் பூ வரை எல்லாக் கட்டங்களும் ஒரே கிளையில் இருக்கும். பறவை கிளையின் வளைவுக்கு எதிர்த்திசையில் திரும்பி உட்கார்ந்திருக்கும். ஒரே செடியை வைத்துப் படத்தின் அமைப்பைப் பழக இதைவிட நல்ல பள்ளி இல்லை. உதுமானிய அரசவையில் சுமார் 1480-ல் வரையப்பட்ட இரண்டாம் மெஹ்மத் சுல்தானின் உருவப்படத்தில், கான்ஸ்டான்டிநோபிளை வென்ற அந்த மனிதர் சம்மணமிட்டு அமர்ந்து ஒரு சிறு ரோஜாவை மூக்கருகே பிடித்திருக்கிறார். முகலாயப் பேரரசர்களின் பக்கவாட்டு உருவப்படங்களிலும் இதே கை, இதே பூ. ஓவியத்தால் மணத்தைக் காட்ட முடியாது. மணத்தை அனுபவிக்கும் முகத்தைக் காட்ட முடியும் என்பதை இவர்கள் கண்டுகொண்டார்கள்.

தமிழர் வீட்டுத் திருமண வாசலில் பன்னீர்ச்செம்பும் நாகூர் போன்ற தர்காக்களின் மலர்ப் போர்வையும் இந்த மணத்தின் வழி வந்தவை. உதிரியாக எடைபோட்டு விற்கப்படும் பன்னீர் ரோஜா, தனிப் பூவாக வரைவதற்குச் சற்றுக் கலைந்து தெரியலாம். ஒரு தட்டு நிறையக் குவித்துவைத்தால் கடையில் விற்கும் கூர்மொட்டு ரோஜாவால் தர முடியாத செறிவை அது தரும்.

வடிவமைப்புக்காக ரோஜாவைச் சுருக்கியவர்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். வில்லியம் மோரிஸ் 1862-ல் வடிவமைத்த ‘டிரெல்லிஸ்’ சுவர்த்தாளில் மரச்சட்டத்தில் ஏறும் எளிய ரோஜாக் கொடி. பறவைகளை வரைந்தது அவருடைய நண்பர் பிலிப் வெப். கிளாஸ்கோவில் ஜெஸி நியூபெரி துணியை வட்டமாக வெட்டித் தைத்த சில வளைகோடுகளில் ரோஜாவை அடக்கினார். சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டோஷும் மார்கரெட் மாக்டொனால்டும் அந்த உருவத்தைக் கண்ணாடிக்கும் நாற்காலிக்கும் கொண்டுசென்றார்கள். கவனமாகப் பார்த்த பிறகு விட்டுவிடுவது வேறு, பார்க்காமலே விட்டுவிடுவது வேறு. வாழ்த்து அட்டைச் சுருளுக்கும் கிளாஸ்கோ ரோஜாவுக்கும் இடையில் இருப்பது அந்த வேறுபாடுதான்.

ஓவியர்கள் வேலை செய்த விதம்

17, 18-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தின் மலர் ஓவியர்கள் நூறிதழ் ரோஜா எனப்படும் சென்டிஃபோலியாவை நடுவில் வைத்தார்கள். கனத்தால் தலைசாயும் பூ அது. ரேச்சல் ரைஷ், யான் வான் ஹைசம் ஆகியோரின் பூச்சாடிகளில் வசந்தத்தின் டியூலிப்பும் கோடையின் ரோஜாவும் ஒன்றாக இருக்கும். ஒரே நாளில் பார்த்து வரைந்த கொத்து இல்லை அது, மாதக்கணக்கில் சேர்த்துக் கட்டியது. 1742-ல் வான் ஹைசம், மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஒரு படத்தை முடிக்க முடியவில்லை என்று வாங்குபவர் தரப்புக்குக் கடிதம் எழுதினார். லண்டன் தேசியக் காட்சியகத்தில் உள்ள அவருடைய சுடுமண் சாடிப் படத்தில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பூவுக்காகக் காத்திருப்பது அவருக்கு வேலையின் ஒரு பகுதி.

பியேர் ஜோசப் ரெடூட்டேயின் ‘லெ ரோஸ்’ 1817 முதல் 1824 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. குறிப்புகளை எழுதியவர் க்ளோத் அந்துவான் தோரி. மெல்லிய தோலில் நீர்வண்ணத்தால் வரைந்ததைப் புள்ளிச் செதுக்கு முறையில் தாமிரத் தகட்டுக்கு மாற்றி, ஒரே தகட்டில் பல நிறம் தடவி அச்சடித்து, கடைசியில் கையால் திருத்தினார்கள். கோடுகளுக்குப் பதில் புள்ளிகளால் நிழல் வருவதால் இதழின் மென்மை அச்சிலும் தப்பியது. பின்னணி வெறும் வெள்ளை, நிழல் விழுவதில்லை, ஒரு கிளையில் மொட்டும் பூவும். நீலகிரியின் லெஷனால்டியானா ரோஜாவும் இந்தத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. தாவர ஓவியம் பழகுபவர் ரெடூட்டேயின் ஒரு தகட்டை எடுத்து, எந்த விளிம்பு கூர்மையாக இருக்கிறது, எது கரைந்துபோகிறது என்று பென்சிலால் குறித்துப் பார்க்க வேண்டும். எல்லா விளிம்பையும் அவர் ஒரே மாதிரி முடிப்பதில்லை.

ஹென்றி ஃபான்டன்-லத்தூர் கோடைகாலங்களை நார்மண்டியின் பியூரே கிராமத்தில் கழித்து, வீட்டுத் தோட்டத்து ரோஜாக்களை வரைந்தார். சாம்பல் பழுப்பு கலந்த அமைதியான பின்னணி, எளிய கண்ணாடிக் குவளை, அவ்வளவுதான். பின்னணியின் நடுநிறம் இருப்பதால் வெளிர்ப் பூ தானாக ஒளிர்கிறது. எடுவார் மனே நோயுற்றிருந்த கடைசி மாதங்களில், 1882-83-ல், நண்பர்கள் கொண்டுவந்த பூக்களைக் குவளையில் வைத்துச் சிறு படங்களாக வரைந்தார். இதழுக்கு ஒரு தீற்று, நீருக்குள் தெரியும் காம்புக்கு இரண்டு. உடம்பில் வலு குறைந்த மனிதரின் கையில் இத்தனை தெளிவு இருந்தது என்பதை நினைக்கும்போது அந்தப் படங்கள் இன்னும் பெரிதாகத் தெரிகின்றன. ரெனுவார், உடலின் நிறத்தைத் தேடும் பயிற்சியாகவே தம் ரோஜாக்களைக் கருதியதாகச் சொல்லப்படுகிறது. அவருடைய இளஞ்சிவப்பில் தோலின் வெதுவெதுப்பு இருப்பது உண்மை.

வாடும் பூவைச் சமாளிக்க இரண்டு வழிகளை வரலாறு காட்டுகிறது. ஜான் சிங்கர் சார்ஜன்ட் ‘கார்னேஷன், லில்லி, லில்லி, ரோஸ்’ என்ற பெரிய படத்தை 1885, 1886 இரண்டு ஆண்டுகளிலும் தோட்டத்தில் நின்றே வரைந்தார். அவருக்கு வேண்டிய அந்தி வெளிச்சம் ஒரு நாளில் சில நிமிடங்களே நீடித்தது. இலையுதிர் காலத்தில் ரோஜாக்கள் காய்ந்ததும் செயற்கைப் பூக்களைச் செடியில் கட்டிவைத்து வேலையைத் தொடர்ந்தார். அல்மா-தடேமா ‘ஹெலியோகபாலஸின் ரோஜாக்கள்’ (1888) படத்துக்காகக் குளிர்காலம் முழுக்கப் பிரெஞ்சு ரிவியேராவிலிருந்து புதுப் பூக்களை வரவழைத்தார். பெரும்பாலோருக்கு ஏற்றது சார்ஜன்டின் வழி: நிறத்தையும் வெளிச்சத்தையும் உண்மைப் பூவிலிருந்து எடுத்துக்கொண்டு, அமைப்பை நினைவில் நிறுத்தப் பதிலிப் பூ வைத்துக்கொள்வது.

தாளுக்குக் கொண்டுவருதல்

கடையில் வாங்கும் ரோஜா மொட்டுக்குப் பெரும்பாலும் வலை மாட்டியிருப்பார்கள். வலையைக் கழற்றி, காம்பின் அடியைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் நிறுத்தி, ஓர் இரவு குளிர்ந்த இடத்தில் வைத்தால் காலையில் பூ தன் இயல்பான உருவத்துக்கு வந்திருக்கும். வெதுவெதுப்பான அறையில், விளக்குக்கு அடியில், ரோஜா கண்முன்னே விரிந்துகொண்டே போகும். எனவே பூவை முதலில் முடித்துவிட்டு இலைக்கும் தண்டுக்கும் பிறகு வரலாம், அவை பொறுத்திருக்கும். தோட்டத்துப் பூவைச் செடியிலேயே பார்த்து வரைய முடிந்தால் இன்னும் நல்லது. ஊட்டியில் 1995-ல் அமைக்கப்பட்ட அரசு ரோஜாப் பூங்கா போன்ற இடங்களில் வகை வாரியாகப் பெயர்ப் பலகையோடு செடிகள் இருப்பதால், ஹைப்ரிட் டீயையும் கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உருவத்தை இதழிலிருந்து தொடங்கக் கூடாது. பாதி விரிந்த ரோஜா, தட்டில் வைத்த தேநீர்க் கோப்பை போன்றது. நடுவில் நிமிர்ந்து நிற்கும் இதழ்கள் கோப்பை, வெளியே சாய்ந்த இதழ்கள் தட்டு. இரண்டையும் மெல்லிய நீள்வட்டங்களாகக் குறித்து, அவற்றின் மையத்தின் வழியாகக் காம்பின் அச்சை ஒரு கோடாக இழுக்க வேண்டும். பூ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் காம்பு அந்த மையத்தில்தான் வந்து சேரும். இந்த ஒரு கோட்டை விட்டுவிடுவதால்தான் பல ஓவியங்களில் பூ தண்டிலிருந்து கழன்று மிதக்கிறது. அடுத்து, வெளியே மடங்கிய இதழ்களின் பெரிய வடிவங்கள். நடுச்சுருள் கடைசி. அதிலும் தெரிகிற கோடுகளை எல்லாம் போட வேண்டியதில்லை. ஆழமான இரண்டு மூன்று இடுக்குகளைச் சரியான இடத்தில் வைத்தால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

நிறம் போடுவதற்கு முன் கண்களைச் சுருக்கிப் பூவை வெளிச்சம், நடுநிறம், இருள் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, ஜன்னலிலிருந்து, வர வேண்டும். அறையில் நான்கு விளக்கு எரிந்தால் கோப்பையும் தட்டும் கலைந்துவிடும்.

இளஞ்சிவப்பு ரோஜாவில் ஒரு விசித்திரம் உண்டு. உள் இடுக்குகள் இருண்டிருந்தாலும் அழுக்காக இருப்பதில்லை, வெளியிதழ்களைவிட வெதுவெதுப்பாகச் சிவந்திருக்கும். வெளிச்சம் ஓர் இதழில் பட்டு அடுத்ததில் தெறித்து, இதழை ஊடுருவியும் போவதால் நிறம் அடர்ந்துகொண்டே போகிறது. ஆகவே இடுக்குக்குச் சாம்பல் நிறம் கலக்காமல், ரோஸ் நிறத்தோடு துளி ஆரஞ்சு சேர்க்க வேண்டும். ஜன்னலைப் பார்க்கும் வெளியிதழின் முதுகுக்கு மாறாகத் துளி நீலம் சேர்த்த மெல்லிய கழுவல் போதும். நிழலுக்குள்ளே கதகதப்பும் வெளிச்சத்தில் குளிர்ச்சியும் என்ற இந்த ஏற்பாடு கைவந்தால் இதழுக்கு உயிர் வந்துவிடும்.

சிவப்பு ரோஜாவே கடினம். வெளிச்சப் பகுதியில் வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். இருட்டில் கறுப்பு கலந்தால் செத்துப்போகும். வெயில் ஊடுருவும் இடத்துக்கு ஸ்கார்லெட், நிழலுக்குக் கிரிம்சனோடு சிறிது அடர்பச்சை, வெல்வெட் மினுமினுப்புக்கு நீலம் தொட்ட ரோஸ் என்று பிரித்து வைக்கலாம். எண்ணெய் வண்ணத்தில் பழைய ஓவியர்கள் வெர்மிலியன் அடித்தளம் இட்டு, காய்ந்தபின் மேலே சிவப்பு லேக் நிறத்தைக் கண்ணாடி போல மெல்லப் பூசினார்கள். ஆழம் அதனால் வந்தது. சிவப்பு ரோஜாவைக் கைப்பேசியில் படமெடுத்து அதைப் பார்த்து வரைபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேமராவில் சிவப்பு நிரம்பி வழிந்து, இதழுக்கும் இதழுக்கும் உள்ள வேறுபாடே அழிந்துவிடும். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் ஓரளவு தப்பும்.

வெள்ளை ரோஜாவை வரைவது என்பது அதைச் சுற்றியுள்ளதை வரைவது. இலைகளின் நடு இருளையும் பின்னணியையும் முதலில் வைத்துவிட்டால் தாளின் வெண்மையே பூவாகிவிடும். அதற்குமேல், அடி இதழ்களில் இலையிலிருந்து தெறிக்கும் பச்சையும் நெஞ்சுப்பகுதியில் மெல்லிய மஞ்சளும் தொட்டால் போதும். மஞ்சள் ரோஜாவின் நிழல் சட்டென்று பச்சையாகித் தொல்லை தரும். யெல்லோ ஓக்கரும் துளி ஊதாவும் அதை அடக்கும். இலைக்கு ட்யூபிலிருந்து நேராக வரும் சாப் கிரீன் பெரும்பாலும் பச்சையாகக் கத்தும். அல்ட்ராமெரினும் மஞ்சளும் கலந்து, பூவுக்குப் பயன்படுத்திய சிவப்பையே துளி சேர்த்தால் பூவும் இலையும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும். நுணுக்கமான தாவர ஓவியத்துக்கு வழவழப்பான ஹாட் பிரெஸ் தாளும், ஈரத்தில் ஈரம் விட்டுக் கரைக்கும் முறைக்கு 300 ஜிஎஸ்எம் கோல்டு பிரெஸ் பருத்தித் தாளும் ஏற்றவை.

கடைசியாக, நிறங்களின் ஆயுள். வின்சென்ட் வான்கோ 1890 மே மாதம் செயின்ட் ரெமி மனநல இல்லத்திலிருந்து கிளம்புவதற்குச் சற்று முன் வரைந்த இரண்டு ரோஜாப் படங்கள் வாஷிங்டன் தேசியக் காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. இன்று அந்தப் பூக்கள் ஏறக்குறைய வெள்ளை. அவர் வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு. அவர் பயன்படுத்திய சிவப்பு லேக் வெளிச்சத்தில் வெளிறிவிட்டது. அந்த ஆபத்து இன்றைய வண்ணப் பெட்டியிலும் இருக்கிறது. அசல் அலிசரின் கிரிம்சன் (பி.ஆர். 83) நீர்வண்ண மெல்லிய கழுவலில் நிலைக்காது, மூல ரோஸ் மேடரும் அப்படியே. கண்ணைப் பறிக்கும் ‘ஓப்பரா’ வகை ரோஸ் நிறங்களில் ஒளிரும் சாயம் கலந்திருப்பதால் அவை இன்னும் விரைவில் மங்கும். குவினக்ரிடோன் ரோஸ் (பி.வி. 19) நம்பிக்கையான மாற்று. பல கடைகளில் பெர்மனென்ட் ரோஸ் என்ற பெயரில் கிடைப்பதும் இதுவே. ட்யூபின் பின்புறம் நிறமியின் குறியெண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

வைத்திருக்கும் சிவப்புகளைச் சோதிப்பது எளிது. ஒரு நீளத் தாளில் ஒவ்வொரு நிறத்தையும் அடர்த்தியாகவும் மெல்லிய கழுவலாகவும் பட்டை பட்டையாகப் பூசி, பெயரையும் தேதியையும் எழுதி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, நல்ல வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்தால், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள வேறுபாடு எந்த ட்யூபைப் பயிற்சித் தாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், எதை விற்பனைக்கோ சட்டம் போட்டு மாட்டவோ வரையும் படத்தில் பயன்படுத்தலாம் என்று காட்டிவிடும்.